வலக்கை லிவர்

சூரியபிரகாஷ் அந்த இன்ஜினை டிராக்டர் ஷெட்டில் ஒரு மரப்பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தான். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கும் மிஷினில் ஓடிய இன்ஜின். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியிருந்தும் வருடக்கணக்காகப் படிந்த மருந்துப் பிசுக்கு முழுதாகப் போகவில்லை. பண்ணைப்புரத்துக்காரன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். பழைய பைக் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"வாங்கக்கா. எந்த வருசத்து இன்ஜின்னு மட்டும் சொல்லிருங்க. அது தெரிஞ்சாத்தான் பொருத்தமா ஃபிரேம் தேட முடியும்."

உமாதேவி தேனியில் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது உண்மையான நம்பர், எது அரத்தால் ராவிவிட்டு மாற்றி அடித்த நம்பர், எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று சொல்வது அவள் வேலை. சூரியாவின் டிராக்டர் ஒருமுறை கவிழ்ந்தபோது அதைப் பார்க்க வந்தவள். அன்றிலிருந்து அவனுக்கு அக்கா.

இன்ஜினைப் பார்த்ததுமே அவளுக்கு எதுவென்று தெரிந்துவிட்டது. பிஎஸ்ஏ, வெள்ளைக்காரன் காலத்து பைக் இன்ஜின். சைடு வால்வ். ஒற்றைச் சிலிண்டர். உட்காரச் சொல்லி சூரியா ஸ்டூலைப் போட்டான். அவள் உட்காரவில்லை. ஷெட் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு குனிந்து, இடது பக்கம் சிலிண்டருக்குக் கீழே இருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தாள். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன.

"டபிள்யூ எம் ட்வென்ட்டி. டபிள்யூன்னா யுத்தத்துக்காகச் செஞ்சது. பட்டாளத்து வண்டி, சூரியா. ஹிட்லர் காலம்."

"நம்பர் ஒரிஜினல்தானாக்கா?"

"ஒரிஜினல்தான். ராவின தடமே இல்ல. அடியில பாரு, ரெண்டு பாதியிலயும் ஒரே நம்பர் அடிச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுதான்." மேலே சிலிண்டரின் மூடியைத் தட்டிக் காட்டினாள். "ஆனா இந்த ஹெட்டு அப்பறம் வந்தது. பட்டாளத்து வண்டிக்கு இரும்பு ஹெட்டு. இது அலுமினியம், யுத்தம் முடிஞ்சு நாளானதுக்கப்பறம் வந்த சாமான். ஹெட்டைக் கழட்டு."

நம்பரோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவன் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் அவள் ஸ்பேனரை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஹெட் கழன்றதும் பிஸ்டனை மேலே ஏற்றி, கீழே இறக்கி, ஓட்டத்தை அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். அந்த நம்பருக்குத் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர் வர வேண்டும். வந்தது நூற்றுப் பன்னிரண்டு.

"இது ஐநூறு சிசி இல்ல, சூரியா. யாரோ அறுநூறோட கிராங்கையும் சிலிண்டரையும் எறக்கியிருக்காக. மலை ஏத்தத்துக்காக."

"செம ஆளாத்தான் இருந்திருக்கணும்" என்று சிரித்தான் சூரியா.

அவள் சிரிக்கவில்லை. 'வெளியில ஐநூறு, உள்ள அறுநூறு. குமுளி மலைய டாப் கியர்லயே ஏறும் பாரு' என்று சொல்லி அவளை டேங்க்கின் மேல் உட்கார்த்தி வைத்த ஒருவர் இருந்தார். அவளுடைய அப்பா, அம்மாவாசி.

அம்மாவாசி குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மெக்கானிக். வாரக் கடைசியில் தன் எம் ட்வென்ட்டி பைக்கில் மலையிறங்கித் தேனிக்கு வருவார். எண்பதுகளில், உமா நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு லாரியும் சில ஆட்களும் பள்ளத்தில் போனார்கள். அன்று மலையிறங்கக் கிளம்பிய அம்மாவாசி வீடு வந்து சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. பாறைக்கு அடியில் போயிருப்பார் என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். தாலியைக் கழற்றச் சொல்லி வந்த சொந்தக்காரர்களிடம் அம்மா கஸ்தூரியம்மாள், "பொணத்தக் காட்டுங்க, கழட்டுறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் வீரபாண்டிக் கோயிலில் அக்கினிச்சட்டி எடுத்தாள்.

உமாவால் ஓர் இடத்தில் இருக்க முடிந்ததில்லை. கல்யாணம் முடிந்து போன வீட்டிலும் தங்கவில்லை, அம்மாவிடமே திரும்பிவிட்டாள். எந்தப் பழைய இரும்புக் கடையைத் தாண்டினாலும் வண்டியை நிறுத்தி உள்ளே போவாள். எம் ட்வென்ட்டி கண்ணில் பட்டால் இடது பக்கம் குனிவாள். அப்பாவின் வண்டி நம்பர்கூட அவளுக்குத் தெரியாது. ஆர்.சி. புத்தகம் வண்டியோடு போய்விட்டது. இருந்தும் குனிவாள்.

"அக்கா, இந்த லிவர் எதுக்குன்னுதான் எனக்குப் புரியல." சூரியா இன்ஜினை வலது பக்கமாகத் திருப்பினான்.

ஒரு ரிங் ஸ்பேனரைப் பாதியாக வெட்டி, வால்வ் லிஃப்டரின் தண்டோடு பற்றவைத்திருந்தது. கைபட்டுக் கைபட்டு வளையம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

உமா அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கிக்கரை மிதிக்கும்போது உள்ள அடைபட்ட காத்தைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். இல்லாட்டி காலை எத்தி விட்டுரும். அதுக்குத்தான் வால்வ் லிஃப்டர். கம்பெனியில இடது ஹேண்டில்பார்ல சின்னதா ஒரு லிவர் குடுப்பாக. ரெண்டு விரலால இழுக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கப்பாவுக்கு இடது கையில அந்த ரெண்டு விரலும் கெடையாது. கரும்பு மிஷின்ல போயிருச்சு. அதனால வலது கையால இழுக்கிற மாதிரி ஸ்பேனரை வெட்டி இதே மாதிரிதான் வச்சிருந்தாரு."

சூரியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அம்மாவாசி கதை அவனுக்குத் தெரியும்.

"அப்ப... வண்டி கெடைச்சிருச்சாக்கா? பள்ளத்துல கெடந்ததை எவனாச்சும் எடுத்து, மருந்தடிக்கிற மிஷினுக்குப் போட்டுட்டானா?"

அதைத்தான் அவளும் நினைத்தாள். ஆனால் கண் அதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. தீப்பொறி தரும் மேக்னெட்டோவை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும்படி ஒரு மொபட்டின் காயிலை வைத்திருந்தது. காயிலைப் பிடித்திருந்த இரும்புத் தகடும் அந்த லிவரின் தாங்கியும் ஒரே துண்டு. ஒரே தகட்டை வளைத்து இரண்டையும் செய்திருந்தார்கள். ஒன்றில்லாமல் இன்னொன்றைப் பொருத்த முடியாது.

"டார்ச் குடு."

காயிலின் பிளாஸ்டிக் மூடியின் பின்பக்கம் பொட்டு அளவில் ஒரு வட்டம் இருந்தது. அச்சில் வார்க்கிற பிளாஸ்டிக் சாமான்களில் இப்படி வட்டம் இருக்கும். நடுவில் வருடம், சுற்றி மாதம். மாற்றிப் போட்ட ஹெட்லைட்டுகளை அவள் இதை வைத்துத்தான் பிடிப்பாள். உள்ளே பூஜ்ஜியம் ஒன்று என்று இருந்தது. இரண்டாயிரத்து ஒன்று.

அவள் மண்தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா?"

"மண்ணு சரிஞ்சு எவ்வளவோ வருசத்துக்கப்பறம் செஞ்ச காயிலு இது. அதுக்குன்னே வளைச்ச தகட்டுலதான் இந்த லிவரு இருக்கு."

"பழைய லிவரைப் பார்த்து எவனாச்சும் அதே மாதிரி..."

"ரெண்டு கையும் நல்லா இருக்கிறவன் எதுக்குச் செய்யணும்? அவனுக்கு இது எடஞ்சல்." அவள் எழுந்துவிட்டாள். மண்ணைத் தட்டக்கூட இல்லை. "யாருகிட்ட வாங்குன இதை?"

"கூடலூர் பக்கம். சங்கிலியம்மான்னு ஒரு அம்மா."

"வண்டிய எடு."

கம்பம் தாண்டும்வரை அவள் கை சும்மா இருக்கவில்லை. சன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். திருடன் ஒருவனாக இருக்கட்டும், அவனுக்கும் விரல் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். வேண்டுதலின் முட்டாள்தனம் அவளுக்கே தெரிந்தது.

தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. பந்தலுக்கடியில் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த சங்கிலியம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். சூரியாவைப் பார்த்ததும், "என்ன தம்பி, இன்ஜினு ஓடலையா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஓடும்மா. இவுக அதைப் பத்தி ஏதோ கேக்கணும்னாக."

"அதை மருந்தடிக்க மாத்தினது யாரும்மா?" என்றாள் உமா.

"எங்க வீட்டுக்காரருதான். அவுக இருந்த வரைக்கும் எங்களுக்கு மருந்தடிக்க அதுதான். அவுக போன பெறகு அதை ஓட்ட ஒருத்தருக்கும் தெரியல. பத்து வருசத்துக்கு மேல அங்கனயே கெடந்துச்சு."

"அவரு பேரு?"

"சின்னக்கருப்பு."

உமாவுக்கு மூச்சு வந்தது. வேறு பேர். வேறு ஆள். வந்த வழியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"அவருக்கு இடது கையில..."

சங்கிலியம்மாளின் கையிலிருந்த கட்டுச் சணல் கீழே விழுந்தது. உமாவின் முகத்தை, நெற்றியை, காதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீ உமாவா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் சுவரில் போட்டோ இருந்தது. நரைத்த முடி, ஒட்டிய கன்னம், சந்தனப் பொட்டு. உமா மனதில் வைத்திருந்த அப்பா முப்பத்தைந்து வயதுக்காரர். சுவரில் இருந்தவர் ஒரு கிழவர். கண் மட்டும் மாறவில்லை.

சங்கிலியம்மாள் நின்றுகொண்டே சொன்னாள்.

"மழைக்கு ஒதுங்க வந்தாக, ஆத்தா. எங்க பம்ப்செட் ரூம்புல. அவுக எறங்குன பெறகுதான் மேல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுச்சாம். அப்பவே புருசன் இல்லாம நான் ஒத்தையில தோட்டம் பார்த்துக்கிட்டிருந்தேன். மோட்டாரு கெட்டுக் கெடந்ததைச் சரிபண்ணிக் குடுத்தாக. பேரு சின்னக்கருப்பு, ஊரு கட்டப்பனைப் பக்கம், சொந்தம்னு யாரும் இல்லைன்னாக. நானும் நம்புனேன். கடைசி வருசம் நெஞ்சுவலி வந்து படுத்தப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாக. டீக்கடைப் பேப்பர்ல செத்தவுக பேரோட தன் பேரும் கெடந்துச்சாம். படிச்சுட்டு, நாளைக்குப் போயிரலாம்னு இருந்தாகளாம். பெறகு அடுத்த வாரம்னு. பெறகு போகவே பயம் வந்துருச்சாம்."

"எங்க வீட்டுல அவருக்கு என்ன குறை?" என்று கேட்டாள் உமா.

"கொறைன்னு ஒண்ணும் சொல்லல. தலைச்சுமையை எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு சங்கிலின்னு ஒருதரம் சொன்னாக. அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் பந்தலுக்குப் போயிருவாக."

"நீங்களாச்சும் சொல்லிவிட்டிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்." சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வந்து தூக்கிட்டுப் போயிருவீகளோன்னு பயம். செத்த பெறகு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரதுன்னு பயம். நீ என்ன வேணாலும் பேசு தாயி. கேட்டுக்கிறேன்."

உமா பேசினால் போட்டோவில் இருப்பவரிடம் பேச வேண்டும். கொண்டுவந்து வைத்த காப்பியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். சூரியா காரில் ஏறுவதற்குள் ரோட்டில் பாதி தூரம் நடந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கஸ்தூரியம்மாள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உமாவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

"ஏத்தா, ஒரு எடத்துல உக்காரு. தலை சுத்துது."

"அம்மா, அப்பா அன்னிக்குச் சாகல. கூடலூர்ல இருந்திருக்காரு."

கஸ்தூரியம்மாளின் விரல்கள் கீரையை உருவிக்கொண்டே இருந்தன.

"கூடலூரா? நான் கம்பம்னு நெனச்சேன்."

நடந்துகொண்டிருந்த உமா நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீ காலேஜ் முடிக்கிற வருசம். வீரபாண்டியில சட்டி ஏந்திக்கிட்டு ஆத்துலருந்து மேல ஏறுறேன், கூட்டத்துல நிக்கிறாக. தலை நரைச்சுப் போயிருந்துச்சு. அவுகளும் பார்த்தாக, நானும் பார்த்தேன். பெறகு கம்பம் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாக."

"கூப்பிடலையா நீ?"

"கையில நெருப்பு இருந்துச்சு." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "இல்லாட்டியும் கூப்பிட்டிருக்க மாட்டேன். வர நெனச்சவுக வந்திருப்பாக."

"பெறகு எதுக்கு வருசா வருசம் சட்டி எடுத்த? எதுக்குத் தாலியோட இருந்த?"

"உசுரோட இருக்கிற புருசனுக்குத் தாலியைக் கழட்டுவாகளா? உசுரோட இருக்கட்டும்னுதான் சட்டி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" உமா கத்திவிட்டாள். "இரும்புக் கடை இரும்புக் கடையாப் போயி மண்ணுல குனிஞ்சு பார்த்துட்டு வந்து உங்கிட்டத்தான சொல்லுவேன்! இன்னிக்கும் கெடைக்கலம்மான்னு சொல்லும்போதெல்லாம் சோத்தைப் போட்டுட்டுச் சும்மா இருந்தியே!"

"மண்ணுக்கடியில கெடக்குற அப்பனுக்காக அழுதுக்கிட்டிருந்த. பஸ் ஏறிப் போன அப்பனை உனக்கு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல."

"செத்துப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சும்மா!"

அப்போதுதான் கஸ்தூரியம்மாளின் கை நின்றது. முறத்தைப் பார்த்தபடி இருந்தாள். கீரையும் காம்பும் கலந்து கிடந்தன. பிரிக்கப் போனவள் பிரிக்கவில்லை.

"செத்துட்டாகளா?" என்றாள். "எப்படி? யாரு பக்கத்துல இருந்தா?"

உமா சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் கழுத்து வெறுமையாக இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை, ஒரு சடங்கும் வைக்கவில்லை. வழக்கம்போல இட்லிக்கு ஊறவைத்தாள். உமாதான் பார்க்க முடியாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு இருவரும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். சூரியா போன் செய்தபோது உமா ஆண்டிபட்டியில் கவிழ்ந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. இன்ஜினை பைக்குல ஏத்தப் போறேன். அந்தத் தகட்டைக் கழட்டிட்டு மேக்னெட்டோ மாட்டணும். உங்களைக் கேக்காமச் செய்ய மனசு வரல."

"கழட்டு. உன் இன்ஜின்தான."

"உங்களுக்கு எடுத்து வைக்கவா?"

"வேணாம்." வைத்துவிட்டாள். வேனின் நொறுங்கிய கதவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து திரும்பக் கூப்பிட்டாள். "சூரியா, தூக்கி மட்டும் போட்டுறாத."

ஆடி அமாவாசைக்கு முன்தினம் கஸ்தூரியம்மாள் தானாகப் பேசினாள்.

"நாளைக்குச் சுருளிக்குப் போகணும். அவளையும் வரச் சொல்லு."

"யாரை?"

"கூடலூர்க்காரியை."

சுருளி அருவியில் கூட்டம் நெரிந்தது. ஈரத் துணியும் எள்ளும் வாழையிலையுமாகப் படிக்கட்டெல்லாம் வழுக்கியது. சங்கிலியம்மாள் ஓரமாக ஒரு பாறையருகில் வந்து நின்றிருந்தாள். கஸ்தூரியம்மாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் நடந்தாள்.

"ஆண் பிள்ளை யாரும் இல்லையா?" என்று கேட்டார் ஐயர்.

"மகதான். அவ செய்வா" என்றாள் கஸ்தூரியம்மாள்.

உமா தண்ணீரில் இறங்கினாள். அருவித் தண்ணீர் முழங்காலைக் கடித்தது. கையில் எள்ளை வைத்து, "தகப்பனார் பேரு சொல்லுங்க" என்றார் ஐயர்.

உமா வாயைத் திறந்தாள். அம்மாவாசி என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து சர்வேயர் கையெழுத்துவரை அவள் பேருக்கு முன்னால் நிற்கிற பேர். ஆனால் அந்தப் பேரை விட்டுப் போனவருக்கு அதைச் சொல்லித் தண்ணீர் விட்டால் போய்ச் சேருமா? பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"சின்னக்கருப்புன்னு சொல்லு" என்றாள் கஸ்தூரியம்மாள். "அந்தப் பேரோடதான போனாக."

உமா சொன்னாள். ஐயர் மூன்று முறை சொல்லவைத்தார். எள் அவள் விரலிடுக்கில் நழுவி, தண்ணீரில் கறுப்பாகக் கொஞ்ச தூரம் ஓடிப் போனது.

கஸ்தூரியம்மாள் கரையேறிப் படிகளில் நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. உமா கரையேறித் திரும்பியபோது சங்கிலியம்மாள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று உமா கவனிக்கவில்லை. இடுப்பளவு நீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, குளிரா என்று தெரியவில்லை.

உமாவுக்குக் கோபம் போகவில்லை. யார்மேல் என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. மேலே அம்மாவின் ஈரச் சேலை கூட்டத்தில் மறைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம். பிடித்துவிடலாம், அம்மா வேகமாக நடக்கமாட்டாள். ஆனால் கீழே சங்கிலியம்மாள் நின்ற இடத்தில் பாறை பாசி பிடித்துக் கிடந்தது.

"கையைக் குடுங்க" என்று உமா தண்ணீருக்குள் திரும்பி இறங்கினாள். "இங்கன வழுக்கும்."